பச்சை மட்டையை இழுத்த கை

தம்பி,

நலம் விசாரிப்பதெல்லாம் நேற்றுப் போனிலேயே முடிந்துவிட்டது. அம்மாவின் முட்டிவலி, நம் ஊர் பெக்கான் நானாஸில் விடாமல் பெய்யும் மழை, கல்யாணச் சமையல்காரர் இன்னும் வாய் திறந்து ஒரு பதில் சொல்லாதது என்று கால் மணி நேரம் பேசினேன். ஆனால் நான் போன் போட்டது அதற்காக இல்லை. மூன்று வாரமாக இதே கூத்துதான். கூப்பிடுவேன், நீ "சொல்லுங்கப்பா" என்பாய், நான் மழையைப் பற்றிச் சொல்வேன். இந்த வாய் எனக்கு உதவாது என்று தெரிந்துவிட்டது. அதனால் அம்மாவிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும். பொறுமையாகப் படி. பாதியில் கோபம் வந்து நிறுத்தினாலும் பரவாயில்லை, மறுநாள் மிச்சத்தைப் படி.

போன மாதம் காஹாங்கில் உன் நிச்சயதார்த்தம் முடிந்து சாப்பிட்ட பிறகு, சம்பந்தி நம்மை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டின அந்த நிலம், மேலே நிழல்வலை, உள்ளே வரிசையாகச் செடித் தொட்டிகள். முதுகு போய்விட்டதால் இனி நர்சரியைத் தன்னால் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு உன் தோளில் கை போட்டார். "மாப்பிள்ள, நீங்க வெவசாயம் படிச்சவரு. இத நீங்களே எடுத்து நடத்துங்க லா. சிங்கப்பூருக்கு ஓடிக்கிட்டே இருந்தா எப்ப குடும்பம் நடத்துறது?" என்றார். உன் கண் அந்தத் தொட்டிகள் மேல் போனதை நான் பார்த்தேன். ஒரு செடியின் இலையைத் திருப்பிப் பார்க்க உன் கை நீண்டது, பாதி வழியில் நின்றது, பிறகு கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. "இல்ல மாமா. என் கைக்குச் செடி ஆவாது. அப்பாவயே கேளுங்க" என்றாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். "ஆமா சம்பந்தி, அவன் கை அப்படித்தான். நானும் எவ்வளவோ பாத்துட்டேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பவித்ரா மட்டும் சிரிக்கவில்லை. தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கைக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த நர்சரியில் அழுகிப்போன அந்தச் சிவப்புப் பாக்கு மரங்களை நீ கொல்லவில்லை. நான்தான் கொன்றேன். கொன்றது நான்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். இதை எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். இத்தனை சின்ன வாக்கியம்தான் இது. ஒன்பது வருடமாக இதைச் சொல்ல முடியாதவன் உன் அப்பன் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

பினாங் மேரா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அந்த மரத்தைப் பற்றி உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் பவித்ராவிடமும் காட்டு. அவளுக்காக எழுதுகிறேன். அந்த மரத்தின் அழகு பூவிலும் இல்லை, இலையிலும் இல்லை. ஒவ்வொரு மட்டையின் அடிப்பாகமும் ஓர் உறையாக விரிந்து தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த உறைதான் குங்குமச் சிவப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து உறைகள், எல்லாவற்றுக்கும் உள்ளே குருத்து. வெளி உறை வயதாகி, நிறம் மங்கி, காய்ந்து, ஒருநாள் ஒரு பக்கமாக வெடித்துத் தானாக விழும். விழுந்தால் அடியில் இருக்கிற உறை புதிதாகச் சாயம் அடித்த மாதிரி பளபளக்கும். அது விழும்வரை பொறுத்திருக்க வேண்டும். பச்சையாக இருக்கும்போது இழுத்தால் தண்டில் ஈரக் காயம் விழும், உள்ளே இருப்பது சிவப்பாகத் தெரிந்தாலும் வெயில் படாத பிள்ளைச் சதை போல மெத்தென்று நிற்கும், மழைத் தண்ணீர் நேரே குருத்துக்குள் இறங்கும்.

இது எனக்குத் தெரியாததா? உனக்கு ஆறு வயதில், பள்ளி விடுமுறையில் உன்னை நர்சரிக்குக் கூட்டிப் போனபோது, விழுந்து கிடந்த பாக்கு மட்டையில் உன்னை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு ஓடினேன். உனக்கு அது போதவில்லை. இன்னொரு வண்டி வேண்டும் என்று நீயே போய் மரத்திலிருந்த பச்சை மட்டையைப் பிடித்துத் தொங்கினாய். நான் ஓடிவந்து உன் கையில் அடித்தேன். சுள்ளென்று ஓர் அடி. விரல் பதிந்துவிட்டது. "அது தானா வுழுவணும்டா, இழுத்தா மரம் செத்துப் போவும்" என்று கத்தினேன். நீ அழுதுகொண்டே அந்த மரத்தைப் போய்த் தடவிக் கொடுத்தாய். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னாயாம், மரத்துக்கு வலிக்குமாம் என்று. அன்றைக்கு உன் கையில் அடித்தவன்தான் பதினேழு வருடம் கழித்து இரண்டு கையாலும் அதையே செய்தான்.

ஏன் செய்தேன் என்று இந்த மூன்று வாரமும் என்னையே கேட்டேன். வாங்குபவர்கள் வரப்போகிறார்கள், மரம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது மேலோட்டமான பதில். நிஜமான பதில் வேறு. நீ டிப்ளோமா முடித்து, நர்சரியில் மருந்துக்கும் உரத்துக்கும் பொறுப்பாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நர்சரி முதலாளி, நம் தவுக்கே, முன்பெல்லாம் காலையில் வந்ததும் என்னிடம் வருவார். பிறகு உன்னிடம் போக ஆரம்பித்தார். ஒருநாள் நான் பக்கத்தில் நிற்கும்போதே, "உன் மகனைக் கேட்டுச் செய்" என்று மலாயில் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். வீட்டில் அம்மாவிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். ஆனால் தம்பி, உள்ளுக்குள் எனக்கு எரிந்தது. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்பட்டேன். இதை எழுதுவதற்கு, மரத்தைக் கொன்றதை எழுதியதைவிட அதிகமாக வெட்கப்படுகிறேன்.

ஸ்கூடாயில் புதிதாக வீடுகள் கட்டின ஒரு குடியிருப்புத் தாமானின் நுழைவாசலுக்கு இருபது புதர் சிவப்புப் பாக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை அவர்கள் ஆள் வந்து பார்ப்பதாக இருந்தது. வெள்ளிக்கிழமை நீ அந்த வரிசைக்கு மட்டும் பூஞ்சை மருந்து அடித்தாய். நான் வெளி உறைகள் மங்கலாக இருக்கிறதே என்றேன். நீ, "இருக்கட்டும்பா, வர்றவங்களுக்கு நான் எடுத்துச் சொல்றேன். இன்னும் ரெண்டு வாரத்துல தானா வுழுந்துரும்" என்றாய். நல்ல பதில்தான். ஆனால் எனக்கு, நீ எனக்கே பாடம் எடுப்பது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ சிநேகிதன் கல்யாணத்துக்குப் போயிருந்தாய். நர்சரியில் யாரும் இல்லை. நான் போய் முதல் மரத்தில் ஓர் உறையை இழுத்தேன். கிழிகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்த சிவப்பைப் பார்த்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. இருபது புதரையும் உரித்தேன். சில மரத்தில் இரண்டாவது உறையையும் இழுத்தேன். உரித்ததை எல்லாம் தள்ளுவண்டியில் அள்ளிப்போய்ப் பின்பக்கக் கால்வாயில் கொட்டி, மேலே காய்ந்த அன்னாசி இலையைப் போட்டு மூடினேன். தப்பு என்று தெரியாதவன் எதற்கு மூட வேண்டும்?

திங்கட்கிழமை வந்தவர்கள் மரங்களைப் பார்த்து வாய் பிளந்தார்கள். தவுக்கே என் முதுகில் தட்டினார். நீ மரத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "காஞ்சு தொங்கினத மட்டும் எடுத்தேன்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். நீ நம்பினாய். மரங்களை எடுத்துப்போய் நட ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மாதமும் மழை. மூன்றாவது வாரம் ஒரு குருத்து சாய்ந்தது. நீ அதைப் பிடித்து லேசாக இழுத்தாய். கையோடு வந்துவிட்டது. அடியில் அந்த அழுகல் நாற்றம். அடுத்த நாள் இன்னொன்று. பத்து நாளில் வரிசை முழுக்கப் போய்விட்டது.

அந்த நாட்களில் நீ இதே மேசையில் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை. மருந்துப் புட்டியின் மூடியில் தண்ணீரை ஊற்றி, அளவுக் குவளையில் விட்டுப் பார்ப்பாய். மறுபடி ஊற்றுவாய். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போடுவாய். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வந்தது. அப்படியும், "நான் எங்கயோ தப்பா ஊத்தியிருக்கேம்மா, வேற எதுவும் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னாய். நான் அந்த நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. எழுந்து வந்து உன் தோளைத் தொட்டுச் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அந்த நாளை விடிந்ததும், தவுக்கே நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மற்ற வேலையாட்களும் நின்றார்கள். என்ன ஆனது என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பி, "அப்பா, பச்ச மட்ட எதையும் நீங்க இழுக்கலதான?" என்றாய். உன் குரலில் சந்தேகமே இல்லை. தவுக்கே கேட்பதற்கு முன்னால் நீயே கேட்டு, என் மேல் பழி வராமல் பார்த்துக்கொள்ளத்தான் கேட்டாய். நான், "இல்ல" என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்தான். நீ தவுக்கேயிடம் திரும்பி, "அப்ப நான்தான் பாஸ். மருந்து நான்தான் கலந்தேன்" என்றாய். அவர் உன்னைத் திட்டவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நீயாகத்தான் மாதக் கடைசியில் நின்றுகொண்டாய். ஸ்கூடாயில் அறை எடுத்து, இருட்டோடு எழுந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, சிங்கப்பூர்க் கிடங்கில் பெட்டி எண்ணப் போனாய். படித்த படிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாய்.

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை. உன் கையில் ஏதோ தோஷம் என்று அம்மா பயந்து, கோயிலுக்குப் போய்க் கயிறு கட்ட வேண்டும் என்றாள். காடியை ஓட்டியது நான். நீ வலது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இருபத்து மூன்று வயது ஆம்பிளைப் பிள்ளை, ஊசி போட வந்த குழந்தை மாதிரி. பூசாரி மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "இனி இந்தக் கையால பச்சயத் தொட்டா யோசிச்சுத் தொடுப்பா" என்றார். அம்மா அழுதாள். நான் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு நின்றேன். சாமிக்கு முன்னாலும் பொய்யாகத்தான் நின்றேன். அதற்குப் பிறகு நீ நம் வீட்டு ரோஜாவுக்குக்கூடத் தண்ணீர் ஊற்றவில்லை. நீ வீட்டுக்கு வரும்போது அம்மா ஊரில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவைக் கூப்பிட்டு ஊற்றச் சொல்வாய். எனக்கு எல்லாம் தெரியும்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆனாலும் பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். பவித்ராவிடம் ஏதாவது தப்புச் செய்துவிட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடு. ஒருநாள் தள்ளினால் மறுநாள் இரண்டு மடங்கு கனக்கும். பிறகு தூக்கவே முடியாது. உனக்குப் பிள்ளை பிறந்து, அது உன்னைவிட ஒரு வேலையை நன்றாகச் செய்தால், வயிறு எரியத்தான் செய்யும். எரிந்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வா. கையை மட்டும் அந்த வேலைமேல் வைக்காதே. பிள்ளை உன்னைப் பார்த்து, "நீங்க செய்யலதான?" என்று கேட்கும் நாள் வந்தால், அது உன்னை நம்பித்தான் கேட்கிறது என்பதை நினைத்துக்கொள்.

நிச்சயதார்த்தம் முடிந்து வந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன பொய்யையாவது பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். காஹாங்கில் சிரித்துக்கொண்டே சொன்னேனே, அதற்கு என்ன சாக்கு? ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். "அவன் கையில கயிறு கட்டறப்போ நீங்க பக்கத்துல நின்னீங்க" என்று மட்டும் சொன்னாள். மூன்றாவது நாள், "எங்கிட்ட சொல்லி என்னா? போய்ச் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். உன்னிடம் வர எனக்குத் தைரியம் இல்லை. சுலபமான பக்கமாகப் போனேன். பஸ் ஏறிக் காஹாங் போய்ச் சம்பந்தியிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கடைசியில், "சம்பந்தி, இத எங்கிட்ட சொல்லக்கூடாது. மொதல்ல மாப்பிள்ளகிட்ட சொல்லியிருக்கணும். அவரு எங்கிட்ட சொன்னா சொல்லட்டும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகச் சொன்னார். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்து வழியனுப்பினார். அன்றும் வந்து உனக்குப் போன் போட்டு மழையைப் பற்றித்தான் பேசினேன்.

சம்பந்தி நிலத்தை இந்த மாதக் கடைசிவரை வைத்திருக்கிறாராம். அதற்குள் நீ ஒன்றும் சொல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு விட்டுவிடுவார். எடுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சிங்கப்பூர் வேலை உனக்குப் பழகிவிட்டிருக்கலாம். காஹாங் வெயில் வேண்டாம் என்று இருக்கலாம். மாமனார் நிலம் வேண்டாம் என்ற ரோஷம்கூட இருக்கலாம், அது நல்ல ரோஷம்தான். எதைச் சொல்லி வேண்டாம் என்றாலும் சரி. உன் கையை மட்டும் காரணமாகச் சொல்லாதே. நீ மருந்தை அளந்தது சரி. தானாக விழட்டும் என்று சொன்னது சரி. என்னை நம்பியது ஒன்றுதான் நீ செய்த தப்பு, அதையும் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. இங்கே தாமானில் என்னைக் கைராசிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கறிவேப்பிலை நடவும், முருங்கைக் கொம்பு ஊன்றவும், கல்யாண வீட்டில் பந்தல்கால் நடவும் ஆள் அனுப்புவார்கள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு போவேன். உன் கல்யாணத்துக்கும் பந்தல்கால் நான்தான் நடுவேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று அம்மா சொல்லிவிட்டாள், "பந்தக்கால தம்பிதான் நடணும். மொறையில்ல அது இதுன்னு யாராச்சும் சொன்னா நான் பேசிக்கிறேன்" என்று. மாப்பிள்ளை தானே பந்தல்கால் நட்டதாக நானும் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு வந்திருப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். நீ எதுவும் பேச வேண்டியதில்லை, என் முகத்தைப் பார்க்கவும் வேண்டியதில்லை. நீ நட்டு, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கு. அவர்கள் அத்தனை பேர் முன்னாலும் நின்று, பச்சை மட்டையை இழுத்தது யார் கை என்று நான் சொல்கிறேன்.

அப்பா